கரையைக் கடந்த பிறகு

"புயல் கரையைக் கடந்தது" என்ற வானிலை அறிக்கையின் வாக்கியத்தோடு தமிழில் புயல் முடிந்துவிடுகிறது. செய்தித்தாளில் அப்படி முடிவதில் தவறில்லை. மறுநாளைக்கு அதற்கு வேறு செய்தி வேண்டும். நம் கவிதைகளும் அதே வினைமுற்றில் போய் நின்றுவிடுகின்றன என்பதுதான் என் புகார். கடலிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே தள்ளி, விருத்தாசலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது விசித்திரமாகப் படுகிறது. கரையைக் கடந்த பிறகுதானே புயல் எங்களுக்கு வருகிறது?

2011 டிசம்பர் 30 அன்று காலை 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகம். நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தேவனாம்பட்டினமும் தாழங்குடாவும் ஏழு ஆண்டுகளுக்கு முன் சுனாமியைக் கண்ட குப்பங்கள். கடல் என்ன செய்யும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். படகை மேடேற்றிக் கட்டவும், வலையைச் சுருட்டவும், மழை விடுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போய்ச் சேரவும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் காற்று குப்பத்தோடு நிற்கவில்லை. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று செம்மண் மேட்டின்மேல் ஏறி உள்ளே வந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் பலா, இந்தப் பக்கத்தில் முந்திரி. மழையில் ஊறிய மண் வேரைக் கைவிட்டது. முந்திரி பூ வைக்கிற தறுவாய் அது.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். பத்தாம் எண்தான் உச்சபட்ச அபாயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதினொன்றாம் எண்ணுக்கு வேறு பொருள்: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து வரும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பது. எச்சரிக்கை வரவில்லை என்பதையே எச்சரிக்கையாக ஏற்றுகிற அந்தக் கூண்டின்மேல் எனக்கு எப்போதும் ஓர் ஈர்ப்பு உண்டு. விருத்தாசலத்துக்கு எந்த எண்ணும் கிடையாது. மணிமுத்தாற்றில் துறைமுகம் இல்லை.

இலக்கியத்திலும் எங்களுக்குக் கூண்டு ஏற்றப்படவில்லை. இதை ஊர்ப்பற்றுக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கவிதை மொழியின் ஒரு அடிப்படைக் கோளாறு இங்கிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது என்பதாலேயே எழுதுகிறேன்.

முதலில் சொல். பழந்தமிழில் புயல் என்பது மேகம். மேகம் தருகிற மழை. குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் புயல் குறைந்தால் உழவன் ஏர் பூட்டமாட்டான் என்ற கவலைதான் இருக்கிறது. அழிக்கிற காற்றுக்குச் சூறை, சூறாவளி என்று வேறு சொற்கள் இருந்தன. கொடையைக் குறித்த சொல் எப்படியோ கொள்ளையைக் குறிக்கிற சொல்லாயிற்று. இந்தப் பொருள்மாற்றத்துக்குள் ஒரு பெரிய கவிதையே ஒளிந்திருக்கிறது. அதை எடுத்தவர் யாருமில்லை. பதிலுக்கு நாம் செய்தது வேறு: புயலைப் பட்டமாக்கினோம். தலைவர்களுக்கு முன்னால் ஒட்டினோம். சினிமாவில் சிரிக்க வைக்கிறவருக்கும் ஒட்டினோம். மேடையில் புயலாகப் புறப்படாதவன் எவனுமில்லை. இவ்வளவு தேய்ந்த நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமான காற்று ஒன்று வந்து நிஜமான கூரையைத் தூக்கும்போது கவிஞன் என்ன சொல்வான்? "புயல் வந்தது" என்றால் யாரோ மாநாட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கேட்கிறவனுக்குத் தோன்றுகிறது.

போதாக்குறைக்கு 'தானே' என்ற பெயர். மியான்மர் கொடுத்த பெயர் அது. இந்தப் பக்கத்துக் கடல்களில் உருவாகும் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. கடலைச் சுற்றியுள்ள நாடுகள் முறைவைத்துப் பெயர் தருகின்றன. பட்டியலில் அதன் முறை வந்தபோது பர்மியச் சொல் தமிழ் இடைச்சொல்லாகி நம் வாசலில் நின்றது. கிடைக்கும் சிலேடையை விட நம் ஆட்களுக்கு மனம் வருமா? தானே வந்தாய், தானே போனாய், அழைக்காமல் தானே நுழைந்தாய் என்கிற தினுசில் எழுதித் தீர்த்தார்கள். ஆனால் அந்தச் சொல் உண்மையில் எங்கே உச்சரிக்கப்பட்டது என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. பார்வையிட வந்தவர்கள், ஆறுதல் சொல்ல வந்த உறவினர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லோரும் சொன்னார்கள்: "மரந்தானே போச்சு, உசுரு இருக்கில்ல." அந்தத் 'தானே'யில் இருந்த குரூரத்தை ஒரு கவிதை பிடித்திருந்தால் போதும், மற்றச் சிலேடைகளையெல்லாம் மன்னித்திருக்கலாம். ஏனென்றால் அந்த மரம் 'தானே' அல்ல. முந்திரியில் ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டு கொஞ்சம் கொட்டை பார்க்கலாம். குடும்பம் நம்புகிற அளவுக்குக் காய்க்க ஏழெட்டு ஆண்டுகளாகும். பலாவுக்குப் பொறுமை இன்னும் வேண்டும். பாட்டன் வைத்த மரத்தில் பேரன் காய் வெட்டுகிற கணக்கு அது.

புயலுக்குச் சில மாதங்கள் கழித்து இங்கே ஒரு கவியரங்கம் நடந்தது. பன்னிரண்டு பேர் வாசித்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்; பதினொரு கவிதைகளில் கடல் இருந்தது. அலை, ஆழி, உப்பு, சீற்றம், விழுங்கிய படகு. வாசித்தவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்து ஆண்டுகள் ஆகியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு வீட்டுப் பின்கொல்லையில் மரங்கள் அறுக்கப்படாமல் கிடந்தன. சுந்தரருக்கு இந்தத் திருமுதுகுன்றத்தில் இறைவன் கொடுத்த பன்னீராயிரம் பொன்னை அவர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய்த் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியே இதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அன்றைய பதினொரு கவிதைகளும் அந்தக் காரியத்தைத்தான் செய்தன. சுந்தரருக்குக் கிடைத்தது, அவருக்கு இருந்த சலுகை வேறு.

ஏன் இப்படி நேர்கிறது? உள்ளூர்க் கவிஞர்களின் திறமைக் குறைவு என்று ஒதுக்குவது சுலபம். பெரிய நகரங்களிலிருந்து வந்த கவிதைகளும் இதே குளத்தில்தான் தேடின என்பதால் காரணத்தை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியபின் உருவான புதுக்கவிதை, படிமத்தை மின்னலாகக் கருதியது. ஒரு கணத்தில் பாய்ந்து, ஒரு கணத்தில் எல்லாவற்றையும் காட்டி அணைந்துவிட வேண்டும். அந்தச் சுருக்கத்தால் தமிழுக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல. செய்யுளின் சதை வழிந்துகொண்டிருந்த காலத்தில் அது அவசியமான அறுவை. ஆனால் அதன் விளைவாகப் புயல் வெளியிலிருந்து மனதுக்குள் இடம்பெயர்ந்தது. உள்ளே வீசுகிற காற்று, உள்ளே முறிகிற கிளை. அகம் ஒன்றே ஸ்தூலம், புறம் அதன் நிழல் என்றாயிற்று. 1971இல் கோவையில் புறப்பட்ட 'வானம்பாடி' இதற்கு எதிர்த்திசையில் போவதாக நினைத்துக்கொண்டது. அது புயலை மனதிலிருந்து வெளியே இழுத்துவந்து நேராக மேடையில் ஏற்றியது, புயல் புரட்சியாயிற்று. ஒரு தரப்பு இன்னொரு தரப்பை எத்தனையோ பக்கங்களில் ஏசியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டுக்கும் புயல் வேறு ஏதோ ஒன்றாக இருந்தே தீர வேண்டும். அது காற்றாக இருப்பது போதவில்லை. விழுந்தது மரமாக இருப்பதும் போதவில்லை.

இந்த அவசரம் நமக்குப் பழையதுதான். மணிமேகலையில் புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. மகனைத் தேடிய துயரத்தில் சோழன் இந்திரவிழா எடுக்க மறந்தான், தெய்வம் சினந்தது, நகரம் போயிற்று. ஒரு மாநகரத்தின் சாவு அங்கே காரணத்தோடு கூடிய தகவலாக வந்துசேர்கிறது. காரணம் கிடைத்ததும் காப்பியம் நிம்மதியாக மேலே நடக்கிறது. மூழ்கியவர்கள் யார் யார், மிஞ்சியவர்கள் எங்கே போய் என்ன தொழில் செய்தார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே நேரம் இல்லை. தர்மத்துக்காக எழுதிய சாத்தனாரும் படிமத்துக்காக எழுதுகிற நாமும் இந்த இடத்தில் சந்தித்துக்கொள்கிறோம். கல்கி 'பொன்னியின் செல்வ'னில் நாகப்பட்டினத்தில் கடலைப் பொங்க வைக்கிறார். படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடல் கதாநாயகனுக்கு ஊழியம் செய்யப் பொங்குகிற கடல். அவன் அடுத்த அத்தியாயத்துக்குப் போனதும் வடிந்துவிடுகிறது. 1964 டிசம்பரில் அழிந்த தனுஷ்கோடியை நாம் வைத்துக்கொண்டிருப்பதும் இப்படித்தான். இடிந்த தேவாலயச் சுவர் புகைப்படக்காரர்களுக்கு அழகாக வாய்த்துவிட்டது. அங்கே உயிர்தப்பிப் பிழைத்தவர்கள் வேறு ஊர்களில் எப்படி வேரூன்றினார்கள் என்பதற்கு அந்தச் சுவரில் இடமில்லை.

விதிவிலக்கு உண்டா என்றால் உண்டு, உரைநடையில். 1972இல் வந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் தொங்கான் புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதியைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம் மொழியில் காற்றும் நீரும் அவ்வளவு மூர்க்கமாக வாக்கியத்தை உடைத்த இடம் வேறில்லை என்று நான் சொல்வேன். அது சாத்தியமானதற்கு மொழித்திறன் மட்டும் காரணமல்ல. அந்தத் தொங்கானில் இருப்பவர்களுக்குச் செய்வதற்கு வேலை இருக்கிறது. புயல் அவர்களுக்குத் தரிசனமாக வரவில்லை. கைக்கு வந்த வேலையாக வருகிறது. ஓய்ந்த பிறகு யாரும் ஞானியாகிவிடுவதில்லை. போக வேண்டிய துறைமுகத்துக்குப் போகிறார்கள், வட்டிக் கணக்கும் யுத்தமும் அங்கே காத்திருக்கின்றன. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' கடலில் தத்தளிக்கும் மனிதர்களை அவசரப்படாமல் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே நாவல்கள் என்பதும் இரண்டுமே கடலில் நடக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கவை. கடற்புரத்தானுக்குக் காற்றுக்குச் சொற்கள் இருக்கின்றன: கொண்டல், கச்சான், வாடை. திசைக்கொரு பெயர், பெயருக்கொரு பிழைப்பு. உள்நாட்டானுக்கு ஒரே காற்று, ஒரே சொல். அதையும் மேடைக்குக் கொடுத்தாகிவிட்டது.

இங்கே என் தெருவுக்கு வருகிறேன். விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணில் கிடைத்த வெள்ளைக் களிமண்ணும், சுற்றுவட்டாரத்து மண்ணும், தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் சேர்ந்து ஊரை இப்படி ஆக்கின. மின்சாரத்துக்கான ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கொலுவுக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல். மண்ணையும் பெல்ஸ்பாரையும் படிகக்கல்லையும் உருளையில் நீர்விட்டு அரைத்துக் கூழாக்குவார்கள். கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். சுவரோரமாக மண் தோல் போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, படிந்ததை எடுத்துப் பிசிறு சீவிக் காயவைத்துச் சூளையில் வைப்பார்கள். முழுத் தொழிலும் இந்தக் குடித்தலையும் காய்தலையும் நம்பி நிற்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அச்சு காயாது. காயாத அச்சு குடிக்காது. காயாத பண்டத்தைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும்.

இதைக் கவிதைக்கு உவமையாக்க எனக்குக் கை அரிக்கிறது. ஆக்கமாட்டேன். அந்த அரிப்பைத்தானே இவ்வளவு நேரம் குறைசொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தானேக்குப் பிறகு ஒருநாள் பேட்டைக்குள் போயிருந்தேன். பார்க்கும்படியாக எதுவும் உடைந்திருக்கவில்லை. கூரைத் தகடுகள் சில பறந்திருந்தன. அதைப் படமெடுக்க யாரும் வரவில்லை. மின்கம்பங்கள் மாவட்டம் முழுக்கச் சாய்ந்திருந்ததால் மின்சாரம் இல்லை, ஆகவே உருளை சுற்றவில்லை. அச்சுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். புயலைப் பற்றிக் கேட்டேன். "காத்து அன்னிக்கே பூட்டுது சார். ஈரந்தான் இன்னும் போவுல" என்றார். ஓர் அச்சை எடுத்து உள்ளங்கையால் தடவி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, திரும்ப அடுக்கில் வைத்தார். அதற்கு அடுத்ததை எடுத்தார்.

அவர் சொன்னதில் ஒரு காலப்பிரமாணம் இருக்கிறது. நம் கவிதைக்கு இல்லாதது அதுதான். அறிக்கைக்குப் புயல் ஒரு நிகழ்ச்சி; அதற்கு நேரம் உண்டு, வேகம் உண்டு, எண் உண்டு. பெரியவருக்கு அது ஒரு நிலை. காற்று ஓய்ந்த பிறகும் அச்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊரின் அகல் வேலையே புயல்களின் பருவத்தில் மாட்டிக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020இல் 'நிவர்' புதுச்சேரிக்கு அருகில் கரைகடந்தது நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி. அந்த ஆண்டு தீபம் 29ஆம் தேதி. 2024இல் 'ஃபெங்கல்' நவம்பர் 30. தீபம் டிசம்பர் 13. ஆண்டு முழுவதும் அகல் செய்கிறவனுக்கு அது விலைபோகிற வாரமும் அது காயாத வாரமும் ஒன்றாகவே வருகின்றன. ஆயிரக்கணக்கான வாசல்களில் தீபம் எரிவதைப் பற்றி நமக்கு எவ்வளவு கவிதைகள்! அகல் காய்ந்ததா என்று கேட்ட கவிதை ஒன்றை வாசகர்கள் யாராவது கண்டிருந்தால் எழுதுங்கள். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குச் சந்தோஷமே.

இது வெறும் இலக்கியக் குறை என்று தள்ளிவிட முடியாது. பயிர் இழப்பீடு ஹெக்டேர் கணக்கில் போடப்படுவது. குடிசைக்குத் தனி நிவாரணம் உண்டு. மரம் இன்னொருவருடையது, அதன் கீழே கொட்டை பொறுக்குகிற கூலி தன்னுடையது என்று வாழ்கிற பெண் எந்தப் பத்தியில் வருவாள்? முந்திரிக் கொட்டை உடைக்கிறவளின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டின் பால் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருக்கும். மரம் சாய்ந்தால் அந்த விரல்கள் ஆறிவிடும், அடுப்பு அணைந்துவிடும். இப்படி ஒரு இழப்பு இருக்கிறது என்று சொல்வதற்கு அரசுப் படிவத்தில் சொல் இல்லை, அது இயல்பு. படிவத்தில் இல்லாத சொல் கவிதையிலும் இல்லையென்றால் அப்புறம் அது எங்கே இருக்கும்? அலையைப் பற்றி எழுதுகிறவன் இவளைப் பார்க்காமல் போவது பாடுபொருள் தேர்வில் நேர்ந்த சிறு பிசகு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. படிவம் தயாரித்த அதே பிரக்ஞைதான் கவிதையையும் தயாரித்திருக்கிறது என்றே படுகிறது.

இந்தப் பக்கத்திலிருந்து வந்த உருப்படியான பதில் ஒரு அகராதி என்று நான் சொன்னால் சிலர் சிரிக்கலாம். விருத்தாசலம் அருகே மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' தானேக்கு முன்பே வெளிவந்துவிட்டது. 'அஞ்சலை', 'கோரை' போன்ற நாவல்களை எழுதியவர் அவர். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழிலாளி. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற ஜனங்களின் சொற்களைப் பொறுக்கியெடுத்த அந்த வேலையில் ஆவேசம் கிடையாது, படிமம் கிடையாது. ஆனால் விழுந்தவற்றுக்கும் மிஞ்சியவற்றுக்கும் என்ன பெயர் என்று தேடப் போகிறவன் அங்கேதான் போக வேண்டியிருக்கும். தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' நாவலை இதன் பக்கத்தில் வைக்கலாம். அதில் உணர்ச்சி சில இடங்களில் கரை உடைக்கிறது. எனக்கு அதில் குறைகள் தெரிகின்றன. இருந்தும் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் அந்த நாவலில் பின்னணியாக நிற்காமல், மாதவர் படையாட்சியின் குடும்பத்தில் உறுப்பினர்கள் போல இருக்கின்றன. தானே விழுத்தியது எதை என்று அறிய, தானேக்கு முன் எழுதிய அந்த நாவலைப் படித்தால் போதும். தானேக்குப் பின் எழுதிய கவிதைகளைப் படித்து அறிய முடியாது.

இடையில் ஒரு சபலம். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரோடு திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். எங்கள் ஊரின் பெயர், புயல் கரையேறிய இடத்தை ஒட்டிய பிறப்பிடம். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் நிவாரண வரிசையைப் பற்றி அவர் ஒரு கதை எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சில இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன். அவர் அலையைப் பற்றி எழுதியிருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

சுருக்கம் கவிதையின் தர்மம், ஏழு வருஷக் காத்திருப்பை அது எப்படிச் சுமக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நீளமாக எழுதினால் காலம் வந்துவிடும் என்று நானும் நம்பவில்லை. நம் நெடுங்கவிதைகள் பலவற்றில் நீளம் இருக்கிறது, நேரம் இல்லை. பெரியவர் அச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது இரண்டு வினாடிதான். அதற்குள் பல வாரம் இருந்தது. ஆக, சுருக்கத்தின் மேல் பழிபோட முடியாது. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதே பிரச்சினை. நம் கவிஞன் காற்றோடு வந்து காற்றோடு போய்விடுகிறான்.

மேலே சொன்ன கவியரங்கத்துக்குத் திரும்ப வேண்டும். பதினொரு கவிதைகளில் கடல் இருந்தது என்றேனே, அதில் ஒன்று என்னுடையது. 'அலை' என்ற சொல் அதில் ஐந்து இடத்தில் வருகிறது. அப்போது எண்ணவில்லை, இப்போது எண்ணினேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

பன்னிரண்டாவதாக வாசித்தது ஒரு கல்லூரி மாணவி. பக்கத்துக் கிராமம். அவளிடம் கவிதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அவர்கள் கொல்லையில் சாய்ந்த முந்திரி மரங்களை வீட்டில் எப்படி எப்படிக் கூப்பிடுவார்களோ, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாய்ந்த வரிசையில் சொன்னாளா, நட்ட வரிசையில் சொன்னாளா என்று தெரியவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல வாசித்துவிட்டு இறங்கினாள். ஓரிருவர் தட்டினார்கள். கவிதையாக இது தேறாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் நான் சொன்னதும் நினைவிருக்கிறது. அவள் கையிலிருந்த தாளை யாரும் கேட்டு வாங்கவில்லை. பதினேழு மரங்களோ பதினெட்டோ. கெணத்தடி மரம், சின்னக்கா மரம், இடி வுழுந்த மரம். எனக்கு நினைவிருப்பவை இந்த மூன்றுதான்.